புதிய கார்: இப்போதா, இன்னும் கொஞ்ச காலம் கழித்தா? – வாசகர் கேள்வி பதில்

கார் வாங்குவது தொடர்பான கேள்விகளை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். எந்தக் காரை வாங்குவது என்று கேட்டவர்கள் குறைவு. எப்போது வாங்குவது என்று கேட்டவர்களே அதிகம். அவற்றில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். முதல் கேள்வியைச் சற்று விரிவாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஏறத்தாழ அதே நிலையில் இருந்து எழுதியவர்கள் பலர்.

கேள்வி: எங்கள் காருக்கு 11 வயதாகிறது, 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நடுவழியில் நின்றதே இல்லை. ஆனால் இந்த முறை சர்வீஸுக்கு விட்டபோது கிளட்ச், டைமிங் பெல்ட், முன்பக்க ஷாக் அப்சார்பர்கள் ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அதற்கு ஆகும் செலவு, இன்று இந்தக் காரை விற்றால் கிடைக்கக்கூடிய தொகையில் மூன்றில் ஒரு பங்கு. இதைப் பழைய காரில் கொட்டுவதை விடப் புதிய காருக்கு முன்பணமாகக் கட்டிவிடலாம் என்கிறார் என் கணவர். இன்னும் இரண்டு ஆண்டுகள் ஓட்டலாம் என்பது என் எண்ணம். யார் சொல்வது சரி?

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, ஆனால் பணம் கட்டுவதற்கு முன் சிலவற்றைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

பழுதுபார்க்கும் செலவைக் காரின் விற்பனை மதிப்போடு ஒப்பிடுவது எல்லோரும் செய்வதுதான் என்றாலும், அந்த ஒப்பீடு உங்கள் கேள்விக்கு உதவாது. விற்பனை மதிப்பு என்பது வேறொருவர் உங்களுக்குத் தரச் சம்மதிக்கும் தொகை. காரை விற்காமல் ஓட்டப்போகிறவருக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நீங்கள் பார்க்க வேண்டியது, இந்தச் செலவைச் செய்தால் எத்தனை மாதங்கள் நிம்மதியாக ஓட்டலாம், அதே மாதங்களைப் புதிய காரில் கழித்தால் எவ்வளவு கரையும் என்பதைத்தான். நீங்கள் வாங்க நினைக்கும் புதிய காரின் விலையை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய காரின் மதிப்பு அதில் 12 இருக்கலாம். அப்படியானால் மெக்கானிக் கேட்கும் தொகை 4. புதிய காரோ, மாடலுக்கு மாடல் வேறுபட்டாலும், பொதுவாக முதல் ஓராண்டிலேயே தன் விலையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மதிப்பை இழந்துவிடும். அதாவது, இரண்டு ஆண்டுகளுக்கு 4 செலவழிப்பதா, ஓராண்டிலேயே 20 இழப்பதா என்பதே உங்கள் முன் உள்ள கணக்கு. கடனுக்கான வட்டியையும் கூடுதல் காப்பீட்டுத் தொகையையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

இனி, சோதிக்க வேண்டியவற்றுக்கு வருவோம். மெக்கானிக் சொன்ன மூன்றும் தேய்மானப் பாகங்கள். எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் அவை தேயும். மாற்றினால் அந்தப் பாகம் மீண்டும் புதிதாகிவிடும். ஆனால் இன்ஜின் ஆயில் குடிப்பது, கியர்பாக்ஸ் உள்ளே தேய்ந்திருப்பது, வண்டியின் எடையைத் தாங்கும் அடிப்பகுதியில் துரு ஏறியிருப்பது, வயரிங்கில் இடம் மாறி இடம் மாறிக் கோளாறு வருவது ஆகியவை வேறு வகை. அவற்றுக்குச் செய்யும் செலவு ஒரு முறையோடு நிற்காது. ஆகவே கிளட்சுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இவற்றைப் பார்த்துவிடுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். காபியில் பால் கலந்தாற்போல் வெளிறிய பசை படிந்திருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கிறது என்று பொருள். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் வெறும் ஈரப்பசையாலும் அது கொஞ்சம் படியும். ஆனால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவும் குறைந்துகொண்டே வந்தால், இன்ஜினின் மேல்பகுதியில் கசிவில்லாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜினிலுள்ள ஆயில் அளக்கும் கம்பியில் மட்டத்தைக் குறித்துவைத்து, 1,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடியும் பாருங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றியிருக்கும்போது நீங்களும் கீழே நின்று, ஜாக்கி வைக்கும் இடங்களை ஒரு ஸ்குரூ டிரைவரின் முனையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே துருவின் நிறம் மட்டும் தெரிந்தால் கவலையில்லை. முனை உள்ளே இறங்கினால் உங்கள் கணவர் சொல்வதைக் கேளுங்கள்.

இந்தச் சோதனைகளில் வண்டி தேறிவிட்டால், முதலில் டைமிங் பெல்ட்டை மாற்றுங்கள். கிளட்ச் வழுக்கி வழுக்கித் தன் நிலையை வாரக்கணக்கில் தெரிவித்துக்கொண்டிருக்கும். பிஸ்டன்களையும் வால்வுகளையும் ஒன்றோடொன்று ஒத்து இயங்கவைக்கும் பெல்ட்டோ எந்த அறிவிப்பும் தராமல் அறும். அறுந்தால் பெரும்பாலான இன்ஜின்களில் பிஸ்டன் மேலேறி வால்வுகளில் மோதும். பிறகு பேச்சு கிளட்சைப் பற்றியதாக இருக்காது. பெல்ட்டைக் கழற்றும்போதே, அதனால் சுழலும் வகையாக இருந்தால், வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவது நல்லது. இரண்டுக்கும் கூலி ஒன்றுதான்.

கணவர் பக்கத்தில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. அதை அவர் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. வண்டி சறுக்கும்போது தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் போட்டு நேர்ப்படுத்தும் மின்னணு நிலைப்பாட்டு அமைப்பு 1995இல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு மாடல்கள் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலும் எல்லாப் புதிய கார்களிலும் அது கட்டாயமானது. வேறு பல நாடுகளில் அதற்கும் பிறகுதான். வேறு வண்டி சம்பந்தப்படாத, உயிர் போகும் விபத்துகளை இந்த அமைப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்கள் காரில் இது இருக்கிறதா என்று அறிவது எளிது. சாவியைத் திருப்பியவுடன் டேஷ்போர்டில் ஒளிரும் விளக்குகளில், ஒரு காரும் அதன் கீழே வளைந்து செல்லும் இரண்டு கோடுகளும் மஞ்சள் நிறத்தில் தோன்றி மறைகின்றனவா என்று பாருங்கள். தோன்றாவிட்டால், அத்துடன் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் அடிக்கடி வேகமாகச் செல்பவராக நீங்கள் இருந்தால், நான் மேலே போட்ட கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டுப் புதிய காரைப் பார்க்கத் தொடங்கலாம்.

இன்னொன்று. இன்று முதல் காரில் ஒரு நோட்டு வையுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன பழுது, எதிர்பார்த்ததா எதிர்பாராததா என்று எழுதிவாருங்கள். என் பழைய கார் ஒன்றுக்கு நான் வைத்திருந்த நோட்டில் முதல் மூன்று ஆண்டுகள் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டன. பதின்மூன்றாம் ஆண்டிலோ ஏழே மாதங்களில் ஒரு பக்கம் நிரம்பியது, அதிலும் பாதி எதிர்பாராதவை. அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு வீட்டில் யாரும் என்னோடு வாதாடவில்லை. பன்னிரண்டு மாதங்களுக்குள் இரண்டு முறை எதிர்பாராமல் வழியில் நின்றால் வண்டியை மாற்றிவிடலாம் என்பதுதான் அதன்பின் நான் வைத்துக்கொண்ட அளவு.

கேள்வி: அடுத்து வாங்குவது மின்சாரக் கார்தான் என்று முடிவு செய்துவிட்டேன். தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். ஆனால் இரண்டு ஆண்டுகளில் திடநிலை பேட்டரி (உள்ளே திரவத்துக்குப் பதிலாகத் திடப்பொருள் கொண்டது) வந்துவிடும், இப்போது வாங்கினால் அந்தக் காரைச் சீந்த ஆளிருக்காது என்று நண்பர்கள் தடுக்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: டொயோட்டா நிறுவனம் திடநிலை பேட்டரியை 2020களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவரப்போவதாக 2017இல் அறிவித்தது. 2023இல் அதே நிறுவனம் 2027-28 என்று இலக்கைத் தள்ளிவைத்தது. நான் அந்த நிறுவனத்தைக் குறை சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் இயங்கும் ஒன்றை லட்சக்கணக்கில் செய்து முடிப்பது அவ்வளவு கடினம். 2017இல் உங்களைப் போலக் கேட்டு, நண்பர்கள் பேச்சைக் கேட்டுக் காத்திருந்தவர் இன்னும் காத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அது வரும்போதும் முதலில் விலை உயர்ந்த கார்களில்தான் வரும்.

விலை இறங்கும் என்பதற்காகக் காத்திருப்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. லித்தியம் அயனி பேட்டரித் தொகுப்பின் விலை, 2010இல் இருந்ததில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. ஆனால் அந்த இறக்கம் நேர்கோடாக இல்லை. மூலப்பொருள்கள் விலை ஏறியதால் 2022இல் அது உயரவும் செய்தது. கார்களின் விலையோ பேட்டரியின் விலையை ஒட்டி மட்டும் நகர்வதில்லை. 2023 ஜனவரியில் டெஸ்லா பல நாடுகளில் ஒரே வீச்சில் விலையைக் குறைத்தது. சில மாடல்களுக்கு ஏறத்தாழ 20 விழுக்காடு. டிசம்பரில் வாங்கியவர்கள் சீனாவில் அந்நிறுவனத்தின் ஷோரூம்களுக்கே போய்ச் சண்டையிட்டார்கள். இப்படிப்பட்ட நாளை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே, மூன்று ஆண்டுக்கு ஒரு முறை காரை மாற்றும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இத்தகைய விலைக் குறைப்பு உங்களை நேரடியாகத் தாக்கும். வாங்குவதை விடக் குத்தகைக்கு எடுப்பது மேல். எட்டு, பத்து ஆண்டுகள் வைத்திருப்பவரானால் நண்பர்களின் அச்சத்தில் உங்களுக்குப் பங்கில்லை. பேட்டரிக்கு மட்டும் 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர், அதற்குள் கொள்திறன் 70 விழுக்காட்டுக்குக் கீழே போகாது என்ற வாரண்டியைப் பெரும்பாலான நிறுவனங்கள் தருகின்றன.

உங்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு: இரவில் காரை எங்கே நிறுத்துகிறீர்கள்? நடுத்தர அளவிலான மின்சாரக் கார் ஒன்று 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 16 யூனிட் மின்சாரம் எடுத்துக்கொள்ளும். உங்களுடைய 40 கிலோமீட்டருக்கு ஆறு, ஆறரை யூனிட் போதும். இதற்கு வேகமான சார்ஜர் எதுவும் தேவையில்லை. 10 ஆம்பியர் தரக்கூடிய சாதாரண வீட்டு பிளக்கிலேயே மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஏறிவிடும் (பல மணி நேரம் தொடர்ந்து அந்தச் சுமையை வயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்ட பிறகு). அப்படி ஒரு பிளக் காரின் பக்கத்தில் இருந்தால், காத்திருக்க வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை. தெருவில் நிறுத்திவிட்டுப் பொதுச் சார்ஜரைத் தேடிப் போகவேண்டிய நிலை என்றால், பேட்டரி எவ்வளவு முன்னேறினாலும் காத்திருங்கள், பிளக்குக்காக.

கேள்வி: நான் விரும்பும் மாடலின் புதிய தலைமுறை நான்கு மாதங்களில் வரப்போகிறது. இப்போதுள்ளதை நல்ல தள்ளுபடியில் தருவதாக டீலர் சொல்கிறார். எதை எடுப்பது?

பதில்: தள்ளுபடியை எடுங்கள் என்பேன், காரை நீண்ட காலம் வைத்திருப்பதாக இருந்தால். புதிய தலைமுறை தெருவில் ஓடத் தொடங்கிய அன்றே உங்கள் கார் பழைய மாடலாகிவிடும். மூன்று ஆண்டுகளில் விற்க நேர்ந்தால், இன்று கிடைத்த தள்ளுபடியை அன்று உங்களிடம் வாங்குபவர் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்வார். ஏழெட்டு ஆண்டுகள் கழித்து விற்றால் அந்த வேறுபாடு பெரிதாக இருக்காது.

புதிய தலைமுறை என்றால் பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ், மென்பொருள் எனப் பல ஒரே நேரத்தில் மாறும். முகப்பையும் விளக்குகளையும் மட்டும் மாற்றும் ஃபேஸ்லிஃப்டாக இருந்தால் முதல் நாளே வாங்கலாம். அடியிலுள்ள இயந்திரம் பழகியது. முழுத் தலைமுறை மாற்றத்தில் முதல் ஆண்டு வாங்குபவர்கள்தாம் நிறுவனத்துக்குக் குறைகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர்கள். நானும் ஒருமுறை ஒரு புதிய மாடலுக்காகப் பதினான்கு மாதங்கள் காத்திருந்து முதல் தொகுதியிலேயே எடுத்தேன். இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போதெல்லாம் முதுகில் யாரோ தட்டியதுபோல ஒரு குலுக்கல் இருந்தது. அதற்காக அந்த ஆண்டில் ஐந்து முறை பணிமனைக்குப் போனேன். மறு ஆண்டு அதே காரை வாங்கிய என் அலுவலக நண்பருக்கு அந்தத் தொல்லையே இல்லை.

தள்ளுபடிக் காரை எடுக்கும் முன் அது எத்தனை காலமாக வெயிலில் நிற்கிறது என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்த டயர். காரும் அதை ஒட்டித்தான் தயாராகியிருக்கும். நீங்கள் விலை பேசும் நாளுக்கும் டயரில் உள்ள வாரத்துக்கும் இடைவெளி ஓராண்டைத் தாண்டினால், தள்ளுபடியை இன்னும் கூட்டிக் கேளுங்கள். 12 வோல்ட் பேட்டரியைப் புதிதாக மாற்றித் தரவும் சொல்லுங்கள். பிரேக் தட்டில் தெரியும் லேசான துருவுக்கு அஞ்ச வேண்டாம்; சில முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

கேள்வி: அடுத்த மாதம் விலை உயரப்போகிறது, இந்த வாரமே முன்பதிவு செய்யுங்கள் என்று ஷோரூமிலிருந்து தினமும் அழைக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: கார் கைக்கு வர எத்தனை நாளாகும் என்று கேளுங்கள். நாளைக்கே தருகிறோம் என்றால் அவர்களிடம் விற்காத கார்கள் நிற்கின்றன, அவசரம் அவர்களுடையது. உண்மையிலேயே தட்டுப்பாடு இருக்கும் காலத்தில் யாரும் உங்களை அழைக்க மாட்டார்கள். 2020இல் பெருந்தொற்றால் ஆலைகளை மூடியபோது கார் நிறுவனங்கள் மின்னணுச் சில்லுகளுக்கான (சிப்) ஆர்டர்களை ரத்து செய்தன. அந்த இடத்தைக் கணினியும் கைப்பேசியும் பிடித்துக்கொண்டன. மறுபடி கேட்கப் போனபோது சில்லுகள் இல்லை. 2021, 2022 ஆண்டுகளில் பல நாடுகளில் புதிய காருக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பயன்படுத்திய கார்களின் விலையும் ஏறியது. அன்று, இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம் என்றவர்கள் நட்டப்பட்டார்கள் என்பது உண்மை. ஆனால் அப்போது ஷோரூம்களில் காட்டுவதற்கே கார் இல்லை.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. முன்பணம் இல்லாமல் ஏழு ஆண்டுக் கடனில் கார் தருகிறார்கள். இரண்டு ஆண்டு சேமித்துவிட்டு வாங்கு என்கிறார் அப்பா. அதற்குள் விலை ஏறிவிடாதா?

பதில்: ஏறலாம். ஆனால் கடனின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியில் 100 கடன் வாங்கினால், ஐந்து ஆண்டில் மொத்தம் ஏறத்தாழ 124.50 கட்டுவீர்கள், ஏழு ஆண்டானால் 135. மாதத் தவணை சிறியதாகத் தெரிவதற்கு நீங்கள் கொடுக்கும் விலை அது. எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறொன்று. ஏழு ஆண்டுக் கடனில் மூன்று ஆண்டுகள் தவறாமல் கட்டிய பிறகும் அசலில் 64க்கு மேல் பாக்கி நிற்கும். அந்த நேரத்தில் கார் 60க்குத்தான் விலைபோகும் என்றால், வேலை மாறி வேறு ஊருக்குப் போக நேரும்போது காரை விற்றும் கடன் தீராது; கையிலிருந்து போட வேண்டும். ஐந்து ஆண்டுக் கடனில் அதே மூன்றாம் ஆண்டு முடிவில் பாக்கி ஏறத்தாழ 45தான்.

அப்பா சொல்லும் இரண்டு ஆண்டு உங்களுக்கு நீளமாகத் தெரிந்தால், ஓராண்டு மட்டும் இப்படிச் செய்யுங்கள். காரை வாங்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, மாதத் தவணை, எரிபொருள், காப்பீட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சர்வீஸுக்காக ஒரு சிறு தொகை ஆகியவற்றைச் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். நான்காம் மாதமே அதிலிருந்து எடுக்க வேண்டியிருந்தால் அந்தக் கார் உங்களுக்கு இப்போது கட்டாது. பன்னிரண்டு மாதமும் தொடாமல் இருந்தால் முன்பணம் கையில் இருக்கும். ஐந்து ஆண்டுக் கடனோடு அப்பாவிடம் போய்ப் பேசலாம்.

கேள்வி: ஓய்வு பெற்றவன். என் காருக்கு 14 வயது. ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை. புதிது வாங்கும்படி பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். குறைவாக ஓடும் காரைக் கெடுப்பது தூரத்தை விடக் காலம்தான். அதற்கு மட்டும் ஈடுகொடுத்தால் போதும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஆயிலை ஓடிய தூரத்தைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள். வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் ஓட்டுங்கள். நின்ற இடத்திலேயே இன்ஜினை ஓடவிடுவது அதற்கு ஈடாகாது. பின்னோக்கி எடுக்கும்போது கழுத்தைத் திருப்புவது சிரமமாக இருந்தால், பழைய காரிலும் கேமரா பொருத்திக்கொள்ளலாம்.

டயர்களில் பள்ளம் ஆழமாக இருக்கிறதே என்று மாற்றாமல் விட்டிருப்பீர்கள். மேலே சொன்ன நான்கு இலக்கங்களைப் பார்த்து, பத்து ஆண்டைத் தொட்டிருந்தால் நான்கையும், டிக்கியில் இருக்கும் ஐந்தாவதையும் இந்த மாதமே மாற்றிவிடுங்கள். பிள்ளைகள் கவலைப்படுவது காரைப் பற்றியா, இரவில் நீங்கள் தனியாக ஓட்டுவதைப் பற்றியா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரண்டாவதாக இருந்தால், புதிய காரின் விலையில் மிகச் சிறிய பகுதியைக் கொண்டே மாலைக்குப் பிறகு ஆண்டு முழுவதும் டாக்சியில் போய்வரலாம்.